ரவை விழுந்த படம்

ஆடியை ஒட்டி வரும் கக்கட மாதத்து மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடைக்கரைத் துண்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஹோரேனைப் புலி அடித்த நாளிலிருந்து, பெள்ளியப்பாவின் காப்பித் தோட்டத்தில் ஆம்பிளைகள்கூட ஒதுங்கப் போனால் துணைக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஹோரேன் அஸ்ஸாமிலிருந்து வந்த கூலியாள். வாயில் எப்போதும் பாக்கு, எதைக் கேட்டாலும் சிரிப்பு. அவன் உடம்பை எடுத்துவரப் போனவர்களில் பெள்ளியப்பாவும் ஒருவர். திரும்பி வந்து இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே அவருடைய கறவை மாடு ஒன்று போயிற்று. புலி அதை இழுத்துக்கொண்டு போய் அதே ஓடைக்கரையில் போட்டு, பாதி தின்று வைத்திருந்தது.

அன்று காலையில்தான் வனச்சரகர் ஹாலப்பா வீட்டுக்கு வந்தார். ஆள் நல்ல உயரம். நனைந்த மழைக்கோட்டைக் கழற்ற மனமில்லாமல் சாப்பாட்டு மேசை ஓரமாக நின்றபடியே வெல்லக் காப்பி குடித்தார். அவர் தேடி வந்தது பெள்ளியப்பாவை இல்லை, அதே வீட்டில் இருந்த அவருடைய தம்பி மனைவி தேச்சம்மாவை.

தேச்சம்மாவின் கணவன் ராணுவத்தில் எல்லைப் பக்கம் இருந்தான். அவள் விராஜ்பேட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் முதலில் மண்டபம், அடுத்தது தேச்சம்மா என்பார்கள். அவள் எடுத்த படம் பளிங்கு போல இருக்கும். வெயில் நாட்களில் பொழுதுபோக்காகப் பறவைகளை எடுக்க நீளமான லென்ஸ் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். ஹாலப்பா வந்தது அந்த லென்ஸுக்காக.

"மேடம், ஒரே ஒரு படம் போதும். இடது விலா தெரியணும்."

"நான் கல்யாணப் படம் எடுக்கிறவ சார். மாப்பிள்ளைங்க கடிக்க மாட்டாங்க."

"யார் சொன்னா?" என்றாள் அடுப்படியிலிருந்து பெள்ளியப்பாவின் மனைவி சோண்டம்மா. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவளும் சிரிக்கவில்லை.

ஹாலப்பா விஷயத்தைச் சொன்னார். இந்தப் பக்கம் இரண்டு புலிகள் நடமாடுகின்றன. ஒன்று வளர்ந்த குட்டிகளோடு திரியும் பெட்டை. இன்னொன்று முன்னங்காலில் பழைய காயம் உள்ள கிழட்டு ஆண். கொன்றது எது என்று தெரிய வேண்டும். கால்தடத்தை மழை கழுவிவிட்டது. மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராக்களில் ஒன்றை யானை பிய்த்துப் போட்டது, மற்றவற்றில் ஈரம் ஏறி வெள்ளை வெள்ளையாய்ப் படம் வருகிறது.

"புலிக்கு வரிதான் கைரேகை. ரெண்டோட பழைய படமும் எங்ககிட்ட இருக்கு, உங்களுக்கும் அனுப்பறேன். தப்பான புலியைப் பிடிச்சோம்னா குட்டிங்க பட்டினியில சாகும். கொன்ன புலி இங்கேயே உலாத்தும்."

"ரெண்டையும் சுட்டுட்டா வேலை முடிஞ்சது" என்றார் பெள்ளியப்பா. அவருடைய துப்பாக்கி மூலையில் சாத்தியிருந்தது.

"சுடுங்க. அப்புறம் உங்களைப் பிடிக்க நான் வரணும்."

முடியாது என்று சொல்லத்தான் தேச்சம்மா வாயெடுத்தாள். ஹோரேனின் மனைவியிடம் தொலைபேசியில் செய்தி சொன்னவள் அவள்தான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. "எங்கே உட்காரணும்?" என்று கேட்டுவிட்டாள்.

மாடு கிடந்த இடத்துக்கு எதிரே பம்பு செட் கொட்டகை. தகரக் கூரை, ஓராள் முகம் மட்டும் நுழைகிற ஜன்னல், அதற்குக் கம்பி வலை. கதவு தகரக் கதவு, தாழ்ப்பாள் துருப்பிடித்து என்றைக்கோ விழுந்துவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் உள்ளே போனார்கள். ஹாலப்பா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். தேச்சம்மா ஜன்னல் கட்டையில் ஒரு அரிசிப் பையை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தினாள்.

வெளியே பட்டப்பகல். ஆனால் மேலே மேகம், அதற்குக் கீழே சில்வர் ஓக் மரங்கள், அதற்கும் கீழே காப்பிச் செடிகள். எல்லாவற்றையும் தாண்டித் தரைக்கு வந்த வெளிச்சம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல இருந்தது. ஐ.எஸ்.ஓ.வை ஆயிரத்து அறுநூறில் வைத்தாள். அதற்குமேல் அவள் போனதே கிடையாது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் கேமரா இருட்டிலும் பார்க்கும், ஆனால் படத்தில் ரவை தூவினது மாதிரி புள்ளி விழும். ரவை விழுந்த படத்தை எந்த மணப்பெண் வாங்குவாள்? செத்த மாட்டை ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். மாடு துல்லியமாக விழுந்திருந்தது. அதன் மேல் ஆடிய காப்பிக் கிளை மட்டும் பச்சைத் தீற்றலாகக் கரைந்திருந்தது.

"நல்லா வருதா?" என்று கிசுகிசுத்தார் ஹாலப்பா.

"அசையாம இருந்தா நல்லா வரும்."

"புலிகிட்ட யார் சொல்றது?"

அது வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. குரங்கு கத்தவில்லை, இலை அசையவில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருமுறை கண்ணை இமைத்தாள். திறந்தபோது மாட்டுக்குப் பின்னால் செடிகளுக்கு நடுவே ஒரு தலை இருந்தது. அவ்வளவு பெரிய தலையை அவள் எந்த மிருகத்திலும் பார்த்ததில்லை. ஹாலப்பாவைக் கூப்பிட நாக்கு எழவில்லை. விரல் மட்டும் தன் வேலையைச் செய்தது. கேமரா நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து மூடியது. அந்த நேரத்துக்குள் புலி தலையை ஆட்டியது, அவளுடைய கையும் ஆடியது. திரையில் மஞ்சள் சேறு.

இன்னொன்று. அதுவும் சேறு.

மூச்சை அடக்கிப் பார்த்தாள், கை நிற்கவில்லை. கை நிற்காது என்று அவளுக்கே புரிந்துவிட்டது. கட்டைவிரலால் ஐ.எஸ்.ஓ. சக்கரத்தைத் தள்ளினாள். மூவாயிரம், ஆறாயிரம், பன்னிரண்டாயிரம். இப்போது கேமரா நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கண் திறக்கும். ரவை விழட்டும். கல்லே விழட்டும். புலி மாட்டைக் கவ்வப் பக்கவாட்டில் திரும்பிய அந்தக் கணத்தில் இடது விலாவில் கையகலம் செடிகளின் இடுக்கில் தெரிந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தாள். கேமரா கடகடவென்று அடித்தது.

புலி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தது.

பிறகு ஜன்னலில் அது இல்லை.

"எங்கே?" என்று வாயசைத்தார் ஹாலப்பா. அவள் தெரியவில்லை என்று தலையாட்டினாள். தகரத்தின்மேல் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் வேறொரு சத்தம், ஈரமான பெருமூச்சு, சுவரை ஒட்டி மெதுவாக நகர்ந்து வந்தது. பின்சுவர். பக்கச்சுவர். கதவு. ஹாலப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றியதை அவள் கண்ணால் பார்த்தாள். அவருடைய முதுகுக்கும் அந்த மூச்சுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். கதவு உள்பக்கமாக ஒரு விரல் அளவு அமுங்கியது. அவர் குதிகாலைத் தரையில் ஊன்றி, கண்களை இறுக மூடிக்கொண்டு எதிர்த்துத் தள்ளினார். உதடு ஏதோ சாமி பேரை முணுமுணுத்தது. தேச்சம்மா நாற்றத்தை உணர்ந்தாள். அழுகிய இறைச்சியும் நனைந்த கம்பளியும் சேர்ந்த நாற்றம்.

கதவு பழையபடி நிமிர்ந்தது. மூச்சு விலகியது. வெகுநேரம் கழித்து வனத்துறை ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. அவள்தான் ஹாலப்பாவைக் கைகொடுத்துத் தூக்கினாள்.

"நொண்டிச்சா?" என்று ஜீப்பில் கேட்டார்.

"நின்னதைத்தான் சார் பாத்தேன். நடந்ததைப் பாக்கலை."

"படத்தை உடனே அனுப்புங்க. மைசூர்ல ஆள் காத்துட்டிருக்கு."

கேமராவிலிருந்து கைபேசிக்குப் படத்தை இறக்கி அவருக்கு அனுப்பினாள். எதிர்பார்த்ததைவிடச் சுத்தமாக இருந்தது. ரவையே இல்லை. புலியின் தோல் பட்டுத் துணி போல வழவழத்தது. அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இருட்டுவதற்குள் மைசூரிலிருந்து பதில் வந்தது. பெட்டை.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. வனத்துறை முகாமிலிருந்து பழக்கிய யானைகள் வந்தன. மேட்டுக்கு அந்தப்பக்கம் அடுத்த தோட்டத்தில் பெட்டையைச் சுற்றி வளைத்து மயக்க ஊசி போட்டார்கள். கூண்டை லாரியில் ஏற்றியபோது சனம் விசிலடித்தது. குட்டிகள் காட்டுக்குள் ஓடிவிட்டன, தேடுகிறோம் என்றார் ஹாலப்பா. மறுநாளே ஆட்கள் வேலைக்கு இறங்கினார்கள். பெள்ளியப்பா வெகுநாளைக்குப் பிறகு பன்றிக்கறி கேட்டுச் சாப்பிட்டார்.

"ஊரே உன்னைத்தான் பேசுது தேச்சு. உன் படத்தைப் பெருசா அச்சுப் போட்டுக் கூடத்துல மாட்டணும்" என்றார்.

அதற்காகத்தான் அன்று மதியம் வீட்டுக் கணினியில் படத்தைத் திறந்தாள். அச்சுக்குக் கைபேசிப் படம் ஆகாது. கேமரா எப்போதும் ஒரு படத்தை இரண்டாக வைத்துக்கொள்ளும். ஒன்று, உடனே பார்க்கத் தோதாக அதுவே துடைத்துத் துலக்கியது. இன்னொன்று, கண்ணில் பட்டது பட்டபடி கிடக்கும் கச்சாப் படம். அவள் கச்சாவைத் திறந்தாள். திரை முழுக்க ரவை. சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் நெளிந்தன. முகம் சுளித்துக்கொண்டே பெரிதாக்கினாள்.

விலாவின் நடுவில் ஒரு வரி கீழே இறங்கி, நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. பாம்பு நாக்கு மாதிரி. பிளவுக்குள் கடுகளவு ஒரு கறுப்புப் பொட்டு.

கைபேசியை எடுத்து, அனுப்பிய படத்தைப் பார்த்தாள். அதில் பிளவு இல்லை. பொட்டு இல்லை. ஒரே தடித்த வரி, வழவழவென்று.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணப்பெண்களின் முகத்தில் புள்ளி தெரியக்கூடாது என்று, புள்ளி துடைக்கிற வசதியைக் கேமராவில் உச்சத்தில் வைத்திருந்தவள் அவள்தான். கேமராவுக்கு ரவை எது, வரி எது என்று தெரியுமா? ரவையைத் துடைக்கிறபோது பிளவையும் சேர்த்துத் துடைத்து அடைத்துவிட்டது. ஹாலப்பா முன்பு அனுப்பியிருந்த பழைய படங்களைத் திறந்தாள். பெட்டையின் விலாவில் ஒற்றை வரி. கிழட்டு ஆணின் விலாவில் பாம்பு நாக்கு, நடுவில் பொட்டு.

கதவை வந்து முட்டியது அது. இன்னும் வெளியேதான் இருக்கிறது.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சோண்டம்மா இல்லை. பெள்ளியப்பா கூடத்தில் செய்தித்தாளோடு இருந்தார்.

"அக்கா எங்கே பாவா?"

"களைக்காரங்களோட ஓடைக்கரைக்குப் போனா. காளான் முளைச்சிருக்காம். ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கே?"

"பிடிச்சது வேற புலி. தப்பு நடந்துபோச்சு. எழுந்திருங்க, துப்பாக்கியை எடுங்க!"

"நீதானே படம்..."

"பாவா, எழுந்திருங்கன்னா!"

அந்த வீட்டில் அவள் அவரிடம் அப்படிக் குரலுயர்த்தியதில்லை. அவர் செய்தித்தாளைப் போட்டுவிட்டு எழுந்தார். ஹாலப்பாவை அழைத்துப் பார்த்தாள், சிக்னல் இல்லை. வீட்டு ஜீப்பை அவள்தான் ஓட்டினாள். சேற்றில் சக்கரம் வழுக்கியது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஓடைக்கரைக்கு மேலே களைக்காரர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல் ஜீப்பில் தொற்றி ஏறினார்கள். கேட்கத் தேவையிருக்கவில்லை, அவள் முகமே போதுமானதாக இருந்தது.

"சோண்டக்கா எங்கே?"

ஒருத்தி கையை நீட்டினாள். கொட்டகைப் பக்கம்.

மூடுபனி இறங்கியிருந்தது. நாலு செடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. பெள்ளியப்பா இறங்கி, "சோண்டு!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மனைவியை அவர் ஆட்கள் முன்னால் அந்தப் பெயரில் கூப்பிட்டதே கிடையாது. மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டே செடிகளுக்குள் இறங்கினார். தேச்சம்மா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு செடியும் அசைவது போலிருந்தது. எந்த இலைக்குப் பின்னாலும் அந்தத் தலை இருக்கலாம். சட்டையை விட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் பிடியை விடவில்லை.

ஓடையருகே பனி கொஞ்சம் விலகியிருந்தது. சோண்டம்மா ஓடைக்கு அந்தப்புறம் பாறையோரம் நின்றிருந்தாள். கூடை காலடியில் கவிழ்ந்து, வெள்ளைக் காளான்கள் சிதறிக் கிடந்தன. கூப்பிட்டது அவள் காதில் விழாமல் இல்லை. திரும்பிப் பார்க்கத்தான் அவளுக்குத் துணிவில்லை. கண் எதிரே எதிலோ குத்திட்டு நின்றது. அந்தத் திக்கில் பார்த்த தேச்சம்மா, கொட்டகையின் சுவரோரம் கிழட்டுப் புலி குந்தியிருப்பதைக் கண்டாள். மழையில் நனைந்த வரிகள் ரவை எதுவும் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தன.

"அக்கா, அசையாதே" என்றாள்.

பெள்ளியப்பா ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டார். காது அடைத்துப்போயிற்று. அதே நேரம் மேலே ஜீப்பிலிருந்த ஆட்கள் ஹாரனை அழுத்தி, மண்வெட்டிகளைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். புலி எழுந்தது. ஓடவில்லை. சோண்டம்மாவை ஒருமுறை, இவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, முன்னங்காலை இழுத்து இழுத்துப் பனிக்குள் நடந்து போயிற்று.

பெள்ளியப்பா ஓடைக்குள் இறங்கி மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜீப்பில் ஏறியபின்தான், "காளானை விட்டுட்டேனே" என்றாள்.

அன்று மாலையே ஹாலப்பா வந்தார். தேச்சம்மா இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேலதிகாரிகிட்ட எதைக் காட்டுவேன்? இது கண்ணாடி மாதிரி இருக்கு. இது மண்ணை வாரி இறைச்ச மாதிரி இருக்கு. மண்ணைத்தான் நம்புங்கன்னு சொல்லவா?"

"ஆமா சார். அதைத்தான் சொல்லணும். கேமரா நிஜமாப் பாத்தது அந்த மண்ணோடதான். வழவழப்பு அது தானாப் பூசினது. பூசச் சொன்னதும் நான்தான். என் பேரைச் சொல்லுங்க."

ஹாலப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கதவுக்குப் பின்னால நின்னது எதுன்னு என் முதுகுக்காவது தெரிஞ்சிருக்கணும்" என்றார். பிறகு, கச்சாப் படத்தை ஒரு புள்ளிகூட மாற்றாமல் தன் பெயரிலேயே மைசூருக்கு அனுப்பினார்.

கிழட்டு ஆண் ஓடைக்கரையில் வைத்த கூண்டில் தானாகவே வந்து மாட்டியது. கோரைப் பல் ஒன்று வேரோடு முறிந்திருந்தது. மானைப் பிடிக்க முடியாத மிருகம். அதை மைசூருக்குக் கொண்டுபோனார்கள். பெட்டையைக் காட்டுக்குள் விடுவதற்கு முன்பு தேடியதில் மூன்று குட்டிகளில் இரண்டுதான் கண்ணில் பட்டன. மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை.

அவை தெரிந்த இடத்திலேயே பெட்டையை விடுகிற அன்று ஹாலப்பா தேச்சம்மாவையும் கூட்டிப்போனார். லாரியின் கூண்டுக் கதவு மேலேறியது. பெட்டை உடனே இறங்கவில்லை. மழைச் சாரலை மோந்து பார்த்துவிட்டு ஒரே தாவலில் புல்லுக்குள் போய் நின்று, அடித்தொண்டையில் தாழ்ந்த குரலில் கூப்பிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டது. புதர் விலகி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குட்டிகள் வந்தன. அது அவற்றை முகர்ந்தது. அப்புறமும் அது போகவில்லை. புதரையே பார்த்துக்கொண்டு நின்று, மூன்றாவது தடவையும் கூப்பிட்டது.

"எடுங்க மேடம், நல்ல வெளிச்சம் இருக்கு" என்றார் ஹாலப்பா.

தேச்சம்மா மடியிலிருந்த கேமராவைத் தொடவில்லை. "கொஞ்சம் பேசாம இருங்க சார்" என்றாள். அவளும் அந்தப் புதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.